பெட்டிக் கோட்டு எழுத்துகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு நகரில் கணினித் திருத்தமும் தமிழ்த் தட்டச்சும் செய்கிறேன். நெல் ஆலைக் கணக்கு, கோயில் வரவு செலவு, நெசவுக் கூடத்து இருப்புப் பட்டியல் என்று பழைய பைல்களைக் கொண்டுவருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "பெட்டி பெட்டியா அழகா இருந்தது, இப்ப ஏன் இப்படிச் சிதறிக் கிடக்கு?" ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்லி வந்ததை இங்கே எழுதி வைக்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிதறித் தெரிகிற பைலை அழித்துவிடாதீர்கள். பெரும்பாலும் உள்ளே எல்லாம் பத்திரமாகவே இருக்கும்.

பெட்டிக் கோட்டு எழுத்து என்றால் என்ன?

─ │ ┌ ┐ └ ┘ ├ ┤ ┬ ┴ ┼ போன்றவைதான். பார்க்கப் படம் போல இருந்தாலும் இவை எழுத்துகள். 'அ' ஓர் எழுத்து, '5' ஓர் எழுத்து, அதே மாதிரி ┌ ஓர் எழுத்து. சாதாரண எழுத்தைச் சுற்றிக் கொஞ்சம் வெற்றிடம் இருக்கும். இவற்றுக்கு அது கிடையாது. கோடு தன் கட்டத்தின் விளிம்பு வரை போய்த் தொடும், பக்கத்துக் கட்டத்திலுள்ள கோடு அதைத் தொட்டுத் தொடரும். பாய் இழைக்கும்போது ஒரு பன் முடிகிற இடத்தில் அடுத்த பன்னைச் செருகித் தொடர்வார்களே, அப்படி.

┌──────┬──────┐
│ 1250 │  40  │
├──────┼──────┤
│ 1300 │  35  │
└──────┴──────┘

இதில் படம் என்று எதுவும் இல்லை. ஐந்து வரி எழுத்து, அவ்வளவுதான்.

கோட்டைப் படமாகவே வரைந்திருக்கலாமே?

அந்தக் காலத்துக் கணினிக்கு அது பெரிய சுமை. எழுத்துத் திரை என்பது 80 நிரல், 25 வரி, ஆக மொத்தம் 2000 கட்டங்கள். ஒரு கட்டத்துக்கு எழுத்துக்கு ஒரு பைட், நிறத்துக்கு ஒரு பைட் என்று எடுத்தால் முழுத் திரைக்கும் 4000 பைட் போதும். அதே திரையை 640க்கு 200 புள்ளிகளாக, வெறும் கறுப்பு வெள்ளையில் வரைந்தாலும் 16,000 பைட் வேண்டும். ஐபிஎம் கணினி 1981இல் வந்தபோது அதன் ஆகக் குறைந்த வகையில் இருந்த மொத்த நினைவகமே 16 கிலோபைட்தான். கோட்டை எழுத்தாக்கியது அதனால்தான்.

இவை ஐபிஎம் கணினியோடுதான் வந்தனவா?

இல்லை. கொமடோர் பெட் கணினியில் 1977இலேயே கோட்டு எழுத்துகள் இருந்தன. 1978இல் வந்த விடி100 முனையத்திலும் (தூரத்துக் கணினியோடு இணைத்துப் பாவிக்கும் திரையும் விசைப்பலகையும்) உண்டு. ஆனால் நம் ஊருக்கு வந்து சேர்ந்த பழைய கணக்கு பைல்கள் அநேகமாக டொஸ் (DOS) என்ற பழைய இயங்குதளத்தின் காலத்தவை. ஆகவே நம்மைப் பிடித்திருப்பது, எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்று சொல்லும் ஐபிஎம் அட்டவணைதான். அதன் பெயர் குறிப்பக்கம் 437.

அந்த 437 அட்டவணையில் கோடுகள் எங்கே இருக்கின்றன? வரிசை ஏன் குழம்பிக் கிடக்கிறது?

அட்டவணையில் மொத்தம் 256 இடங்கள். அதில் 179 முதல் 218 வரை 40 கோட்டு எழுத்துகள். ஒற்றைக் கோட்டில் 11, இரட்டைக் கோட்டில் 11, ஒற்றையும் இரட்டையும் கலந்தவை 18. நிழல் கட்டங்களான ░ ▒ ▓ 176 முதல் 178 வரை. █ முதலான கட்டித் துண்டுகள் 219 முதல் 223 வரை.

வரிசையைப் பார்த்தால் தலையும் புரியாது, வாலும் புரியாது. │ 179இல் இருக்கிறது, ─ 196இல். ┌ 218 என்று கடைசியில் கிடக்கிறது, அதன் சோடியான ┐ 191இல். நானும் பல வருடம் இது யாரோ கைக்கு வந்தபடி போட்ட வரிசை என்றே நினைத்திருந்தேன். அப்படி இல்லை. 179 முதல் 191 வரை உள்ள 13 எழுத்துகளையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்:

│ ┤ ╡ ╢ ╖ ╕ ╣ ║ ╗ ╝ ╜ ╛ ┐

ஒன்றுக்காவது வலக் கை இருக்கிறதா? இல்லை. வலப்பக்கம் கை நீட்டுகிற எழுத்துகள் எல்லாம் 192இலிருந்துதான் வருகின்றன. காரணம் திரை அட்டையில் இருக்கிறது. ஐபிஎம் கணினியின் ஒற்றை நிறத் திரை அட்டையில் ஓர் எழுத்தின் வடிவம் 8 புள்ளி அகலத்தில்தான் சேமிக்கப்பட்டிருந்தது. ஆனால் திரையில் ஒரு கட்டம் 9 புள்ளி அகலம். ஒன்பதாவது புள்ளி வெறுமையாக நின்று எழுத்துக்கும் எழுத்துக்கும் இடைவெளி தரும். வாசிக்க அது நல்லது, ஆனால் கோடு அந்த இடத்தில் அறுந்துபோகும். அதனால் 192 முதல் 223 வரையான எண்களுக்கு மட்டும், எட்டாவது புள்ளியை ஒன்பதாவதிலும் அப்படியே போட்டுவிடு என்று வன்பொருளிலேயே ஏற்பாடு செய்தார்கள். வலக் கை உள்ள எல்லாவற்றையும் அந்த 32 இடங்களுக்குள் கொண்டுவந்தார்கள். இடையில் ┘ மட்டும் 217இல் வலக் கை இல்லாமல் நிற்கிறது. அதன் எட்டாவது புள்ளியே வெறுமைதான், வெறுமையைப் பிரதி செய்தாலும் வெறுமையே வரும், கெடுதல் இல்லை. பின்னால் வந்த விஜிஏ அட்டையும் இதே வழக்கத்தைப் பின்பற்றியது. எனக்கு இந்த முழு விஷயத்திலும் ஆகப் பிடித்த இடம் இதுதான்.

விசைப்பலகையில் எப்படி அடிப்பது?

விண்டோஸில் ஓல்ட் (Alt) விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலப்பக்க எண் பலகையில் எண்ணை அடியுங்கள். ─ 196, │ 179, ┌ 218, ┐ 191, └ 192, ┘ 217, ├ 195, ┤ 180, ┬ 194, ┴ 193, ┼ 197. இரட்டைக் கோடு வேண்டுமென்றால் ═ 205, ║ 186, ╔ 201, ╗ 187, ╚ 200, ╝ 188. எண்ணுக்கு முன்னால் பூச்சியம் சேர்க்க வேண்டாம். சேர்த்தால் வேறு அட்டவணைக்குப் போய்விடும், கோடு வராது. எண் பலகை இல்லாத லப்டொப்பில் இது கொஞ்சம் கஷ்டம். இந்தப் பக்கத்திலிருந்தே பிரதி எடுத்து ஒட்டிக்கொள்ளுங்கள்.

எங்கள் ஆலை பில்லில் கோட்டுக்குப் பதிலாக ஆங்கில டி (D) எழுத்து வரிசையாக அச்சாகிறது. பிரிண்டர் பழுதா?

சம்மாந்துறைப் பக்கத்து ஆலை ஒன்றில் கணக்கெழுதும் தம்பி ஒருவர் கேட்டது இது. பில்லின் மேல்கோடு முழுவதும் சாய்ந்த ஆங்கில டி, இரண்டு பக்கச் சுவரும் சாய்ந்த 3, வலது மேல்மூலையில் ஒரு கேள்விக்குறி. புதுப் பிரிண்டர் வாங்கப் பணமும் ஒதுக்கிவிட்டார்கள்.

பிரிண்டரில் பழுது ஒன்றும் இல்லை. ─ என்பது 196. அதில் 128ஐக் கழித்தால் 68, அது ஆங்கில டி எழுத்தின் எண். │ என்பது 179, கழித்தால் 51, அது 3 என்ற இலக்கத்தின் எண். ┐ என்பது 191, கழித்தால் 63, கேள்விக்குறி. பழைய டொட் மெட்ரிக்ஸ் பிரிண்டர்கள் பலவற்றில் 128க்கு மேலே இரண்டு அட்டவணைகள் உண்டு. ஒன்று கோட்டு அட்டவணை. மற்றது முதல் 128 எழுத்துகளையே சாய்வாகத் திருப்பித் தருவது. எது வேண்டும் என்று சொல்வது பிரிண்டரின் பின்புறத்திலோ உள்ளேயோ இருக்கும் ஒரு சின்னச் சுவிட்ச். அந்த ஆலையில் தூசி தட்டும்போது யாரோ அதை நகர்த்தியிருக்கிறார்கள். பிரிண்டரை நிறுத்தி, சுவிட்சைத் தள்ளி, மறுபடி போட்டோம். பெட்டி வந்துவிட்டது.

எழுத்துகள் சாயாமல் நிமிர்ந்தே டி டி டி என்று வந்தால் காரணம் வேறாக இருக்கலாம். கணினிக்கும் பிரிண்டருக்கும் நடுவில் எங்கோ 8 பிட்டுக்குப் பதில் 7 பிட் மட்டும் போகிறது. எட்டாவது பிட்டின் பெறுமதி 128. அது விழுந்துவிட்டால் அதே கழித்தல்தான் நடக்கும். தொடர்பு அமைப்பைப் பாருங்கள்.

பிரிண்டர் சரி. திரையிலேயே பெட்டிக்குப் பதிலாக விசித்திர எழுத்துகள் தெரிகின்றனவே?

கணினி பைலில் கோட்டை வைத்திருப்பதில்லை. எண்ணை வைத்திருக்கிறது. எந்த அட்டவணையை வைத்து எழுதினோமோ அதே அட்டவணையை வைத்து வாசித்தால்தான் அந்த எண் மறுபடி கோடாகும். வேறு அட்டவணையால் வாசித்தால் வேறு எழுத்து வரும். உள்ளே எண் மாறியிருக்காது.

எப்படிச் சிதறியிருக்கிறது என்பதைப் பார்த்தே எந்த அட்டவணை மாறியது என்று சொல்லிவிடலாம். நான் பார்ப்பது இப்படித்தான். தலையில் இரண்டு புள்ளி வைத்த ஆங்கில ஏ எழுத்து வரிசை வரிசையாக வந்து, சுவர் இருக்க வேண்டிய இடத்தில் மேலே தூக்கிய சிறிய ³, மூலையில் தலைகீழ்க் கேள்விக்குறி ¿ தெரிந்தால், அது டொஸ் பைல். 437இல் எழுதியதை விண்டோஸின் மேற்கு ஐரோப்பிய அட்டவணையால், அதாவது 1252ஆல், திறந்திருக்கிறீர்கள். ஒவ்வொரு கோட்டுக்கும் மூன்று எழுத்துகள் வந்து, தொப்பி போட்ட ஏ, மூடும் மேற்கோள் ”, யூரோ அடையாளம் € என்று திரும்பத் திரும்ப வந்தால், அது யுடிஎஃப்-8 (யுனிகோடு எழுத்துகளைச் சேமிக்கும் முறை) பைல், அதையும் 1252ஆல் திறந்திருக்கிறீர்கள். பெட்டியின் பெரும்பகுதி சரியாக வந்து, ஒற்றைக் கோடும் இரட்டைக் கோடும் சந்திக்கிற மூலைகள் மட்டும் ஐரோப்பிய எழுத்தாக மாறியிருந்தால், இடையில் குறிப்பக்கம் 850 புகுந்திருக்கிறது. அந்த அட்டவணை 437இல் உள்ள 18 கலப்புக் கோடுகளை எடுத்துவிட்டு அவ்விடங்களில் பிற எழுத்துகளையும் குறிகளையும் வைத்தது. ஐக்கிய இராச்சிய ஆங்கிலத்துக்கு அமைத்த விண்டோஸின் கட்டளைச் சாளரம் 850ஐத்தான் பாவிக்கும். அமெரிக்க ஆங்கிலத்துக்கு அமைத்தது 437ஐ.

இது பாமினி பிரச்சினை மாதிரியே இருக்கிறதே?

அதேதான், வேரும் ஒன்றுதான். பாமினி எழுத்துருவில் அடித்த கடிதத்தை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரியும். ஏனென்றால் பைலுக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகளின் எண்கள். அவற்றுக்குத் தமிழ் வடிவம் கொடுத்தது எழுத்துரு மட்டும். கிழக்கில் எத்தனையோ சங்க அறிக்கைகள், கோயில் மலர்கள், பாடசாலைச் சஞ்சிகைகள் பாமினியில் அடிக்கப்பட்டுப் பழைய கணினிகளில் கிடக்கின்றன. "ஏதோ இங்கிலீசு குப்பை" என்று நினைத்து அவற்றை அழித்தவர்களை எனக்குத் தெரியும். அந்த இழப்பு மனதைச் சுடுகிறது. அவை தமிழ்தான். யுனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன.

யுனிகோடில் இந்தக் கோடுகளுக்கு இடம் உண்டா?

உண்டு, தாராளமாக. 9472 முதல் 9599 வரை 128 இடங்கள், அத்தனையும் நிரம்பியவை. மெல்லிய கோடு, தடித்த கோடு, இரட்டைக் கோடு, விட்டுவிட்டு வரும் கோடு, ╭ ╮ ╰ ╯ என்று வளைந்த மூலை எல்லாம் இருக்கின்றன. தமிழுக்கு யுனிகோடில் கொடுத்த முதல் தொகுதியும் 128 இடங்கள்தான், 2944 முதல் 3071 வரை. அதில் பாதிக்குச் சற்று மேலேதான் நிரம்பியிருக்கிறது.

இவ்வளவு கோடுகளை ஏன் சேர்த்தார்கள் என்றால், பழைய அட்டவணைகளில் இருந்த எதுவும் தொலையக் கூடாது என்பதற்காக. 437இல் இருந்த பைலை யுனிகோடுக்கு மாற்றி, மறுபடி 437க்குத் திருப்பினாலும் ஓர் எழுத்தும் மாறாமல் வர வேண்டும். ஜப்பானியத் தரத்தில் தடித்த கோடுகள் இருந்தன, அவையும் வந்தன. ஆனால் எல்லாச் சேர்க்கையும் இல்லை. தடித்த கோடும் இரட்டைக் கோடும் சந்திக்கும் எழுத்து கிடையாது. வளைந்த மூலை மெல்லிய கோட்டுக்கு மட்டும்தான்.

யுடிஎஃப்-8இல் ஒவ்வொரு கோட்டுக்கும் மூன்று பைட். ─ என்பது 226, 148, 128. நம் 'அ' 224, 174, 133. டொஸில் ஒரு பைட்டாக இருந்த கோடு மூன்று மடங்காவதால், மாற்றிய பைல் பெருத்துத் தெரிந்தால் பயப்பட வேண்டாம்.

பெட்டிக்குள் தமிழை எழுதினால் வலச்சுவர் கோணலாகிறது. எவ்வளவு இடைவெளி போட்டாலும் சரிவரவில்லை.

சரிவராதுதான். உங்கள் பிழை இல்லை. பெட்டி சரியாக நிற்க வேண்டுமென்றால் ஒவ்வொரு எழுத்தும் ஒரே அகலக் கட்டத்துக்குள் அடங்க வேண்டும். தமிழ் அப்படி எழுதப்படுவதில்லை. 'ர' ஒடுங்கியது, 'ண' அகன்றது, 'கௌ' மூன்று துண்டு.

இதில் இன்னொரு சிக்கல். 'மட்டக்களப்பு' என்ற சொல்லை எண்ணிப் பாருங்கள். நமக்கு 8 எழுத்து. யுனிகோடில் புள்ளியும் உகரக் குறியும் தனித்தனியாக எண்ணப்படுவதால் 12. யுடிஎஃப்-8இல் 36 பைட். 'அம்பாறை' நமக்கு 4 எழுத்து, யுனிகோடில் 7, பைட்டில் 21. பெட்டி போடும் நிரல், 15 இடம் வேண்டும், 12 போய்விட்டது, மீதி 3 வெற்றிடம் என்று கணக்குப் போடும். திரையிலோ அந்தச் சொல் வேறு அகலத்தில் நிற்கும். ஒரு வரியில் சுவர் உள்ளே வரும், அடுத்த வரியில் வெளியே போகும்.

நான் செய்வது: தமிழ் நிரலைக் கடைசியில் வைத்து, வலச்சுவரையே விட்டுவிடுவேன். எண் நிரல்கள் இடப்பக்கம், கோடுகளோடு நேராக நிற்கும். தமிழ் வலப்பக்கம் சுதந்திரமாக ஓடும்.

┌──────┬──────
│  120 │ மட்டக்களப்பு
│   85 │ அம்பாறை
│   60 │ வாழைச்சேனை
└──────┴──────

நாலு பக்கமும் சுவர் கட்டாயம் வேண்டுமென்றால் வேர்டில் அட்டவணை போடுங்கள். அந்த வேலைக்குக் கோட்டு எழுத்து ஏற்றதல்ல.

கோடுகள் மேலும் கீழும் ஒட்டாமல் இடைவெளி தெரிகிறதே?

வரி இடைவெளியை ஒற்றையாக்குங்கள், கூரியர் நியூ அல்லது கொன்சோலாஸ் போன்ற சம அகல எழுத்துருவைப் போடுங்கள். பத்தில் ஒன்பது தடவை இது போதும்.

மருதமுனையில் நெசவு செய்கிறோம். கரை டிசைனை இந்த எழுத்துகளால் எழுதி அனுப்பலாமா?

நல்ல யோசனை. கட்டத்தாளில் நிரப்புகிற அதே முறைதான். ஆனால் கோடுகளைவிட நிழல் கட்டங்கள் உதவும்: ░ கால் பங்கு, ▒ அரை, ▓ முக்கால், █ முழு. நாலு நிற நூலுக்கு நாலு அடையாளம். ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். சம அகல எழுத்துருவில் ஒரு கட்டத்தின் உயரம் அதன் அகலத்தைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்துப் போட்டால் டிசைன் மேல்நோக்கி இழுபட்டுத் தெரியும். ██ என்று இரண்டிரண்டாகப் போடுங்கள், சதுரமாக வரும்.

██░░██░░██
░░██░░██░░
██░░██░░██

வட்ஸ்அப்பிலும் எஸ்எம்எஸ்ஸிலும் அனுப்பலாமா?

வட்ஸ்அப்பில் செய்தியின் முன்னும் பின்னும் மூன்று மூன்று பின்சாய்ந்த ஒற்றை மேற்கோள் ``` போட்டால் சம அகல எழுத்தாக மாறும். எண்கள் மட்டும் உள்ள பெட்டி சரியாக நிற்கும். பெட்டி அகலமாக இருந்தால் போன் திரையில் வரி மடிந்து எல்லாம் கலைந்துவிடும். 25 எழுத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

எஸ்எம்எஸ் என்றால் கணக்குப் பாருங்கள். ஆங்கில எஸ்எம்எஸ் ஒன்றில் 160 எழுத்து போகும். அதில் ஒரே ஒரு ─ சேர்த்தாலும் முழுச் செய்தியும் வேறு முறைக்கு மாறி எல்லை 70 ஆகிவிடும். தமிழ்ச் செய்திக்கு ஏற்கெனவே 70தான், அதனால் கோடு சேர்ப்பதால் எல்லை மேலும் குறையாது.

ஆனால் ஒரு வேண்டுகோள். பொதுக் குழுவில் போடும் அறிவித்தலைக் கோட்டுப் பெட்டிக்குள் போடாதீர்கள். கண் பார்வை இல்லாதவர்கள் திரைவாசிப்பான் வைத்துக் கேட்கிறார்கள். சில வாசிப்பான்கள் ஒவ்வொரு கோட்டுக்கும் அதன் ஆங்கிலப் பெயரை முழுதாகச் சொல்லும். மரண அறிவித்தலின் முதல் வரியிலுள்ள 20 கோடுகளைத் தாண்டித்தான் இறந்தவரின் பெயரைக் கேட்க வேண்டும் என்றால் அது சரியல்ல.

லினக்ஸில் ஒரு படக் கோப்பைத் தவறுதலாகக் கட்டளைச் சாளரத்தில் கொட்டிவிட்டேன். இப்போது அடிக்கிற எழுத்தெல்லாம் கோடாக வருகிறது!

வந்தாறுமூலையில் படிக்கிற மாணவி ஒருவர் பதறிப்போய்க் கேட்டார். விடி100 முனையத்தில் கோடுகளுக்குத் தனி எண்கள் இல்லை. ஒரு சமிக்ஞை கொடுத்தால் ஆங்கிலச் சிற்றெழுத்துகளே கோடாக மாறும்: கியூ படுக்கைக் கோடாகும், எக்ஸ் நிமிர்ந்த கோடாகும், ஜே, கே, எல், எம் நாலும் நாலு மூலைகள். இன்றைய சாளரங்களும் அந்தப் பழக்கத்தை வைத்திருக்கின்றன. படக் கோப்புக்குள் தற்செயலாக அந்தச் சமிக்ஞை, உதாரணமாக 14 என்ற பைட், இருந்திருக்கும். திரையில் என்ன தெரிந்தாலும் பார்க்காமல் 'ரீசெட்' (reset) என்ற கட்டளையை அடித்து என்டர் போடுங்கள். பழைய நிலைக்கு வந்துவிடும்.

பழைய டொஸ் பைல்களை எப்படி மாற்றுவது?

முதலில் ஒரு பிரதி எடுத்து வேறு பென் டிரைவில் வையுங்கள். அதைத் தொடவே வேண்டாம். பிறகு மற்றப் பிரதியை, எந்த அட்டவணை என்று கேட்டுத் திறக்கும் மென்பொருளில் திறவுங்கள். வேர்ட் கேட்கும், லிப்ரே ஒஃபிஸ் கேட்கும். 437 என்று தெரிவு செய்தால் பெட்டிகள் நேராக நிற்க வேண்டும். நின்றால் யுடிஎஃப்-8 ஆகச் சேமியுங்கள். லினக்ஸ் தெரிந்தவர்களுக்கு 'ஐகொன்வ்' (iconv) என்ற கட்டளையும் இந்த மாற்றத்தைச் செய்து தரும்.

சிதறித் தெரியும்போது மட்டும் சேமிக்காதீர்கள். தனக்குத் தெரியாத எழுத்தைச் சில மென்பொருள்கள் கேள்விக்குறியாக்கிச் சேமித்துவிடும். அதன் பிறகு உள்ளே இருப்பது 63, 63, 63 மட்டும்தான். முன்பு அது கோடா மூலையா என்று யாராலும் சொல்ல முடியாது.

எந்தப் பிரிண்டரிலும், எந்தக் கணினியிலும் உடையாத பெட்டி வேண்டும். வழி உண்டா?

+, -, | மூன்றையும் வைத்துப் போடுங்கள். எண்கள் 43, 45, 124. மூன்றும் 128க்குக் கீழே இருப்பதால் 437, 850, 1252, யுடிஎஃப்-8 எல்லாவற்றிலும் ஒன்றுதான். மூலைகள் முழுதாக ஒட்டாது, அழகும் கொஞ்சம் குறைவு. சம்மாந்துறை ஆலையில் சுவிட்சைச் சரி செய்த பிறகும் அந்தத் தம்பி பில்லை இப்படியே மாற்றி வைத்திருக்கிறார்.

+------+------+
| 1250 |  40  |
+------+------+